வெள்ளைச் சுட்டி

கதவுக்காரர் என்று சொன்னால்தான் அவரை யாருக்கும் தெரியும். புது வீடுகளுக்குக் கதவு மாட்டுவது தொழில். இடிக்கிற வீடுகளிலிருந்து நிலை, உத்தரம், சன்னல் சட்டம் என்று எதையாவது வாங்கிவந்து, விடுமுறை நாட்களில் செதுக்கி மிருகமாக்குவார். குளியலறை வாசலில் ஒரு கொக்கு நின்றது. கட்டிலுக்கடியில் முதலை. மனைவி தையல்காரி, மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த ஆமையின் முதுகில் நூல்கண்டுகளை அடுக்கிவைத்திருந்தாள்.

வீட்டைவிட்டு வெளியே போனது எருமை மட்டும்தான். நூலகத்துக்குக் கதவு மாட்டப் போனபோது போனில் அதன் படத்தைக் காட்டினார். நூலகர் அம்மா பிள்ளைகள் பகுதியில் வைக்கக் கேட்டார்.

"வீட்ல ரெண்டு எருமை இருந்துச்சு. ஒண்ணு போனதுல காலை நீட்ட இடம் கிடைச்சுது" என்றாள் மனைவி. ஆனால் அதைக் கொண்டுபோன அன்று தையலை அப்படியே போட்டுவிட்டு அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் நூலகத்தைப் பெருக்குகிற பெண் போன் செய்தாள்.

"அண்ணே, உங்க எருமைக்குச் சளி பிடிச்சிருக்கு. பெருக்கப் பெருக்க மூக்குக்குக் கீழ மாவு கொட்டுது."

சிரித்துக்கொண்டே போனார். மண்டியிட்டு மாவை விரலில் தேய்த்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. உளு, மரத்தை அரிக்கிற பூச்சி. நெற்றியில் ஊசி குத்தினதுபோல் ஓட்டைகள்.

மரத்தின் நடுவில் கெட்டியான வைரம், பட்டையை ஒட்டி வெள்ளை. பூச்சி வெள்ளையில்தான் இறங்கும். கதவுக்கு எடுக்கிற மரத்தில் வெள்ளையைக் கண்டால், யோசிக்காமல் அறுத்துத் தள்ளிவிடுவார். எருமைக்கு எடுத்த கறுத்த உத்தரத்தின் ஓரத்திலும் கொஞ்சம் வெள்ளை இருந்தது. நெற்றியில் சரியாகச் சுட்டிபோல விழுந்தது. விட்டுவிட்டார்.

"இங்க எல்லாமே மரமும் காகிதமும்" என்றார் நூலகர் அம்மா. "அலமாரிக்குப் பரவினா நான் யாருக்குப் பதில் சொல்றது? எடுத்துட்டுப் போயிடுங்க." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

பிளாஸ்டிக் தாளில் சுற்றி மொட்டைமாடியில் ஏற்றினார்.

"கதவா இருந்தா விட்டிருப்பீங்களா?" என்றாள் மனைவி.

"கதவுக்கு ஏது நெத்தி?"

"அழகு பாத்தீங்களாக்கும்."

"எரிச்சிடலாம்னு பாக்கறேன். இனிமே யாரு நம்ம மரத்தை உள்ள விடுவாங்க?"

"எரிங்க. கொக்கு, முதலை, ஆமை எல்லாத்தையும் சேத்து எரிங்க. ஒரேடியா கதவே மாட்டிட்டிருங்க. நூல்கண்டை நான் தரையில வெச்சுக்கறேன்."

அவர் பிளாஸ்டிக் தாளைப் பிரித்தார். உளியை எடுத்தார்.

வெள்ளை முழுக்கப் போய் வைரம் தட்டுப்படும்வரை செதுக்கினார். சுட்டி இருந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம். விளிம்பு கோணல்மாணல். பூச்சிமருந்து பூசிக் காயவைத்தார். அதே நிறத்தில் ஒரு துண்டு கைவசம் இருந்தது. வெட்டி, பள்ளத்தில் பொருத்திப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. பசை டப்பாவைத் திறந்தவர் மூடிவிட்டு, துண்டையும் வெளியே எடுத்துவிட்டார். ஒட்டிவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது.

எருமைக்குக் கீழே கறுப்புத் தாள் விரித்தார். வெயில் காலம் போய் மழை வந்தது. தாளில் ஒரு பொட்டு மாவு விழவில்லை. மறுபடி வண்டி பிடித்தார்.

நூலகர் அம்மா வாசலிலேயே நிறுத்தினார். கதவுக்காரர் மாவு விழாத கறுப்புத் தாளைக் காட்டிவிட்டு டார்ச்சை நீட்டினார்.

"உள்ள அடிச்சுப் பாருங்க மேடம். மேல துண்டு வெச்சு மூடல. பூச்சி திரும்ப வந்தா உங்க கண்ணுலதான் முதல்ல படும்."

நூலகர் அம்மா கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். விரலை விட்டுத் தடவினார். விரலை முகர்ந்தார்.

"அசிங்கமா இருக்கு."

"ஆமா மேடம்."

"அலமாரியை விட்டுத் தள்ளி வைங்க. சன்னலோரமா. கீழ அந்தத் தாளும் இருக்கட்டும்."

வைத்துவிட்டு நிமிர்ந்தபோது நூலகர் அம்மா இன்னும் போகாமல் நின்றிருந்தார்.

"பின்னாடி ரூம்ல உடைஞ்ச மேசைங்க கிடக்கு. ஏதாவது தேறுமா?"

"டார்ச்சைக் குடுங்க மேடம்" என்றார் கதவுக்காரர்.