மூன்றாம் பகுதியில் என் மைத்துனர்

வீடு கேட்டு வந்தவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஓடிடியில் வரப்போகிற தொடர், இரண்டு நாள் படப்பிடிப்பு, முன்னறை மட்டும் போதும் என்றார்கள். என் தங்கையின் வீடு கடலைப் பார்த்தது. வாசலில் நின்றால் கரையேற்றிய வள்ளங்கள் தெரியும்.

அவள் கணவர் கடலுக்குத் தொழிலுக்குப் போய்த் திரும்பாமல் அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. உடல் கிடைக்கவில்லை. அதனால் கல்லறையும் இல்லை. திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, சிறிய சிவப்பு பல்பின் அருகில், அவருடைய படத்தை மாட்டியிருந்தாள். முதலாண்டுப் பூசை முடியும்வரை அதைச் சுவரிலிருந்து இறக்குவதில்லை என்பது எங்கள் குடும்பத்து வழக்கம்.

“அத மட்டும் எடுக்கப்பிடாது,” என்றாள் தங்கை.

“இருக்கட்டும் அம்மா, அழகா இருக்கு,” என்றார் அரங்கம் அமைக்க வந்தவர். பிறகு அவள் கொடுத்த கட்டன்சாயாவைக் குடித்துக்கொண்டே, படத்தில் இருப்பவர் எப்படி இறந்தார் என்று கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஒப்பந்தத் தாளைப் படித்தது நான். பத்திரிகையில் பல ஆண்டுகள் அடுத்தவர் எழுதியதைத் திருத்திச் சம்பளம் வாங்கியவன். ‘வீட்டில் உள்ள பொருள்கள் அனைத்தையும் காட்சிக்குப் பயன்படுத்தலாம்’ என்ற வரியைப் படித்தேன். நாற்காலி, மேசை என்று நினைத்துக் கடந்துபோனேன். படப்பிடிப்பின்போது எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். நின்றோம்.

தொடர் வெளிவந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். தங்கையின் மகள், என் மருமகள், தன் போனை டிவியோடு இணைத்தாள்.

“ஏட்டி, இது ஒனக்க வீடா? இவ்வளவு வெளிச்சமா இருக்கு!”

“அவிய லைட்டு போட்டுல்லா எடுத்தாவ. நீ வரும்போ கரண்டு இருக்காது.”

கதாபாத்திரங்கள் மூச்சுக்கு ஒரு ‘ஏலே’ போட்டார்கள். மகன் அப்பனையே ஏலே என்றான். “நம்ம ஊருல இப்படிச் சொன்னா வாயில பல்லு இருக்குமா?” என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாம் பகுதியில் போலீஸ் அதிகாரியாக நடித்தவர் அந்த முன்னறைக்குள் நுழைந்தார். சுவரிலிருந்து என் மைத்துனரின் படத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். கஞ்சா கடத்தலைத் தொடங்கியவன் இவன்தானாம். கடலில் செத்ததாக ஊரை ஏமாற்றிவிட்டு எங்கேயோ உயிரோடு இருக்கிறானாம்.

பகுதி முடிந்ததும், அடுத்தது தொடங்க எத்தனை வினாடி என்று திரையின் ஓரத்தில் எண் குறைந்துகொண்டே வந்தது. ஒருவரும் ரிமோட்டைத் தொடவில்லை. நான்காம் பகுதி தானாகவே ஓடத் தொடங்கியது.

அந்த வாரம் மீன் வாங்கப் போன இடத்தில் ஒருத்தி தங்கையிடம் கேட்டாளாம்: “மாப்பிள்ளைக்க போன் வருதா மக்கா?” கேலிக்குத்தான் கேட்டிருப்பாள். தங்கை மீன் வாங்காமல் திரும்பி வந்தாள்.

ஒப்பந்தத்தில் இருந்த எண்ணை அழைத்தேன். பேசிய பெண்ணின் குரல் இனிமையாக இருந்தது.

“கதை கற்பனைன்னு முதல்லயே போட்டிருக்கோமே சார்.”

“படம் கற்பனை இல்லை.”

“நோட் பண்ணிக்கிறேன் சார்.”

அந்தக் காட்சியை நீக்கும்படி மூன்று கடிதம் எழுதினேன். ஒரு மாதம் கழித்து மருமகள் கூப்பிட்டுக் காட்டினாள். காட்சி அப்படியே இருந்தது. வசனமும் இருந்தது. அவர் முகத்தை மட்டும் கலங்கலாக்கி மறைத்திருந்தார்கள்.

யாருடைய முகத்தை அப்படி மறைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அலுவலகத்தில் நானே மறைக்கச் சொல்லியிருக்கிறேன். தங்கைக்கும் அது உடனே புரிந்துவிட்டது.

“இப்போ பாக்கவன் என்ன நினைப்பான்? ஒளிச்சு வைக்க என்னமோ இருக்குன்னுதான நினைப்பான்? கள்ளனுக்க மூஞ்சியத்தான அண்ணே மறைப்பாவ?”

மறுபடி அழைத்தேன். “நீங்க கேட்டதாலதான் சார் மறைச்சோம். உங்க புகாரை முடிச்சாச்சு,” என்றது அதே இனிய குரல். அந்த இனிமைதான் என்னைக் கொதிக்க வைத்தது. பத்திரிகையில் தவறாக அச்சிட்டால் மறுநாள் ஒரு மூலையிலாவது திருத்தம் போடுவோம். வெட்கப்பட்டுக்கொண்டே போடுவோம். இவர்களுக்கு மறுநாளே கிடையாது. அந்தப் பொய் எப்போது தொட்டாலும் புதிதாக ஓடும்.

அந்தப் பகுதியின் தொடக்கத்தில் காட்டச் சொல்லி ஒரு திருத்தம் எழுதினேன்: ‘இப்பகுதியில் வரும் படத்தில் இருப்பவர் மீனவர். அவர் எந்தக் கடத்தலிலும் ஈடுபட்டதில்லை. அவர் கடலில் இறந்தார்.’

தங்கை வாங்கி வாசித்தாள். கடைசி வாக்கியத்தில் விரலை வைத்தாள்.

“இத முதல்ல போடு.”

மாற்றி எழுதி, படத்தின் நகலையும் சேர்த்து அனுப்பினேன். பதில் இல்லை. நாளை மறுபடி அனுப்புவேன்.