பில்லு ஜோஷ்வாவும் கற்பூரம் மணத்த பெட்டியும்

ஜோஷ்வா எதை வாங்கினாலும் பில் கேட்பான். ஒற்றைக் கிட்டார் கம்பி வாங்கினாலும் கேட்பான். கடைக்காரர் சலித்துக்கொண்டே துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுத்தால், அதில் கடையின் ரப்பர் ஸ்டாம்பும் வேண்டும் என்பான். சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் அவனுக்கு ‘பில்லு ஜோஷ்வா’ என்றே பெயர்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அவன் கிட்டார் வாசிக்கும் சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மைக் செட் காணாமல் போனது. சாவி வைத்திருந்த மூன்று பேரில் அவனும் ஒருவன். மற்ற இரண்டு பேரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே கச்சேரிக்குப் போகிறவன் என்பதால் எல்லார் கண்ணும் இவன்மேல் விழுந்தது. ஒருவராவது வாய் திறந்து கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பான். கேட்கவில்லை. ஆராதனையில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் மட்டும் இடம் தாராளமாகக் கிடந்தது. அவன் மனைவி ஜாய்ஸ் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அவளிடம் பேசுவதையும் பெண்கள் குறைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு நிச்சயதார்த்த வீட்டுப் பரண்மேல் மைக் செட் கிடைத்தது. இரவல் வாங்கிப் போனவர் மறந்துவிட்டாராம்!

“கெடச்சிடிச்சில்ல, வுடுப்பா” என்றார்கள். அவ்வளவுதான். விட்டுவிடக்கூடியதா அது? நெஞ்சில் தைத்த முள் சதையோடு வளர்ந்துவிட்டது.

பகலில் அவன் செங்கல்பட்டில் ஒரு தனியார் பள்ளியின் லேப் அட்டெண்டர். பிப்பெட்டையும் பீக்கரையும் மாலையில் எண்ணிப் பூட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவான். ஆனால் அவன் உயிர் இருந்தது சனி, ஞாயிறு மாலைகளில். மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டின் நீச்சல் குளத்தோரம் அவன் கிட்டார் வாசிப்பான், பால்ய சிநேகிதன் கலைவாணன் பாடுவான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஆம்ப்ளிபயர். போன சனிக்கிழமை, ஒரு தம்பதியின் திருமண நாள் கொண்டாட்டத்தில், நடுப்பாட்டில் அது புஸ்ஸென்று அடங்கிப்போனது. கேக் வெட்டக் கத்தி எடுத்த கைகள் அப்படியே நின்றன. மேனேஜர் சிரித்துக்கொண்டே, “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பென் டிரைவ் பாட்டுதான் ஜோஷ்வா” என்றார்.

ரிப்பேர்காரர் ஒட்டவைத்துக் கொடுத்தார். “இத நம்பி ஒத்தையா போவாத. ஸ்பேர் ஒண்ணு வச்சிக்க” என்றார்.

புதியது வாங்கச் சக்தி இல்லை. செல்போனில் பழைய சாமான் விற்கும் பக்கங்களை இரண்டு நாள் துழாவினான். கிட்டாருக்கு ஒரு வழி, மைக்குக்கு ஒரு வழி உள்ள சிறிய ஆம்ப்ளிபயர் பெட்டி ஒன்று திருப்போரூர்ப் பக்கத்தில் இருந்தது. அவனுக்கென்றே செய்தது போல இருந்தது. விலைதான் உறுத்தியது. புதிது விற்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஜாய்ஸ் போட்டோவைப் பார்த்தாள். “இவ்ளோ கம்மியா எவன்யா குடுப்பான்? உள்ள இன்னாவோ கீது.”

“அதான் நானும் பாக்குறேன்.”

“பாத்து செய். மறுபடியும் அந்த மாரி பேச்செல்லாம் கேக்க என்னால ஆவாது.”

விற்பவர் பெயர் சம்பத். கல்பாக்கம் அணுசக்தித் துறையின் அணுபுரம் குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்ற விஞ்ஞானி. இப்போது திருப்போரூருக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. போனில் அவர் பேசிய விதமே சரியில்லை.

“வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலுக்குள்ள வாங்க. வரும்போது பெரிய பெட்ஷீட் ஒண்ணு கொண்டு வாங்க.”

“பெட்ஷீட்டு எதுக்கு சார்?”

“மூடி எடுத்துட்டுப் போறதுக்கு.”

“மழ ஒண்ணும் இல்லியே சார்.”

“தூசி படும்ல?” போன் அணைந்தது.

அரை நாள் லீவு போட்டுவிட்டு, கலைவாணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனான். குடியிருப்பு வாசலில் காவலாளி இரண்டு பேரின் ஆதாரையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்தார். கிட்டார் பையைத் திறக்கச் சொல்லி உள்ளே கைவிட்டுத் துழாவினார். சம்பத் சார் மாடியிலிருந்து இறங்கி வந்து அவர்களை அழைத்துப் போனார். லிப்ட் நல்லபடியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவரோ பின்பக்கப் படிக்கட்டுக்குத் திரும்பினார்.

“இன்னாடா இது, பொண்ணு தூக்க வந்த மாரி கீது” என்று கலைவாணன் காதருகே கிசுகிசுத்தான்.

“சும்மா வாடா.”

ஹாலில் பெட்டி தயாராக இருந்தது. சம்பத் சாரின் மனைவி ஞானம்பாள் சமையலறை வாசலில் நின்றார். வாங்க என்று தலையசைத்தாரே தவிர, பெட்டியின் பக்கம் பார்வையைத் திருப்பவே இல்லை. பெற்ற பிள்ளையோடு பேசாத தாய் முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோல இருந்தது அது.

ஜோஷ்வா அவசரப்படவில்லை. முதலில் பிளக்கைப் பார்த்தான். மூன்று முள்ளும் இருந்தன. பெட்டியின் மூலைகளைத் தடவினான்; கீழே விழுந்த காயம் இல்லை. திருகாணிகளில் டார்ச் அடித்தான். யாரும் கழற்றிய தடயம் இல்லை. கிட்டாரைச் சொருகாமலே சுவிட்சைப் போட்டு, சத்தத்தை முழுசாக ஏற்றி, காதை ஸ்பீக்கரில் ஒட்டவைத்தான். கடல் தூரத்தில் இருப்பதுபோல மெல்லிய இரைச்சல். அவ்வளவுதான். ஒவ்வொரு குமிழாகத் திருகினான். கரகரப்பு இல்லை.

“பேன ஆப் பண்றீங்களா சார்?”

“எதுக்கு?”

“பேன் சத்தத்துல ஒளிஞ்சிக்கினு இருக்கும் சார், கோளாறு.”

பிறகு தன் கிட்டாரை, தன் வயரால் இணைத்து வாசித்தான். கலைவாணன் தன் மைக்கில் இரண்டு வரி முனகினான். ஐந்து நிமிஷம் வாசித்துப் பார்த்து ஏமாந்தவர்கள் கதை அவனுக்குத் தெரியும். சூடேறிய பிறகுதான் பெட்டி தன் குணத்தைக் காட்டும். அதனால் முழுசாக இருபத்தைந்து நிமிஷம் வாசித்தான். சம்பத் சார் ஜன்னலைச் சாத்தினார். கதவையும் சாத்தினார். “மெதுவா, மெதுவா” என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஐயோ, எத்தனை நல்ல பெட்டி! ஒலி தேன்போல இருந்தது. கலைவாணன் கண்ணாலேயே ‘வாங்குடா’ என்றான். ஜோஷ்வா தலையாட்டவில்லை. குறையே இல்லாத பொருளை இப்படி ஒளித்து விற்பார்களா?

சூடு பார்ப்பதற்காகக் குனிந்து பின்பக்கம் கை வைத்தான். கதகதப்போடு ஒரு வாசனையும் எழுந்தது. கற்பூரம். விரலால் மைக் துளையைத் துடைத்தான். வெள்ளைத் தூள், விபூதி. மேற்பலகையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தான். துடைத்தும் போகாத சந்தனப் பொட்டு மூன்று. பின்பலகையில், ஒரு கை அகலத்துக்கு, கறுப்புச் சாயம் கத்தியால் சுரண்டப்பட்டு மரம் பல்லைக் காட்டியது. ஓரத்தில் ஓர் எழுத்து மட்டும் தப்பியிருந்தது: ‘உ’.

ஜோஷ்வா டார்ச்சை அணைத்தான். கோயிலிலும் சர்ச்சிலும் டியூப் லைட் முதல் மின்விசிறி வரை கொடுத்தவர் பெயர் எழுதியிருக்கும். அவன் சர்ச்சில் ‘அன்பளிப்பு’ என்று எழுதுவார்கள். கோயிலில் எழுதுவது ‘உபயம்’. அந்தப் பெயர்தான் இங்கே சுரண்டப்பட்டிருக்கிறது. இது சாமி முன்னால் இருந்த பெட்டி!

கிட்டாரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். “வேணாம் சார்.”

“ஏன்? நல்லாத்தானே கேக்குது?”

“நல்லாதான் கீது. பில் இருக்கா சார்?”

“பையன் ஷ்யாம் வாங்கினது. அவன் கனடா போயிட்டான். பில்லெல்லாம் எங்க இருக்கோ.”

“பின்னாடி இன்னா பேரு சார் எழுதி இருந்திச்சி?”

சம்பத் சாரின் முகம் கறுத்தது. “நீ என்ன போலீஸா? திருட்டு சாமான்னு சொல்றியா? முப்பது வருஷம் கவர்மென்ட் வேலை பார்த்தவன் நான். என்னையே சந்தேகப்படுறியா?”

“கேட்டாண்ட என் ஆதார போட்டோ புடிச்சாங்களே சார். பைக்குள்ள கைய வுட்டாங்களே. நான் கோவப்பட்டனா?”

கலைவாணன், “வாடா மச்சான், பேஜாரு வேணாம்” என்று அவன் சட்டையை இழுத்தான்.

அப்போதுதான் ஞானம்பாள் வாய் திறந்தார். “அவர் பேருதான் தம்பி எழுதியிருந்துச்சு. அவர் பேரும் என் பேரும்.”

“ஞானம், உள்ள போ.”

“போக மாட்டேன். நாலு மாசமா உள்ளதானே இருக்கேன்?”

அடைத்து வைத்திருந்ததெல்லாம் மடை உடைந்ததுபோல் வந்தது. குடியிருப்புக்குள்ளேயே, குடியிருப்போர் சங்கம் நடத்தும் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். அங்கே வெள்ளிக்கிழமை தோறும் பஜனை. மகன் விட்டுப்போன பெட்டியை இவர்தான் கோயிலுக்குக் கொடுத்தார். கொடுத்த அன்று ஞானம்பாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய்ப் பாடினார். மார்கழி நோட்டீஸ் வந்தது. பூ கொடுத்தவர், பொங்கல் கொடுத்தவர் பெயரெல்லாம் இருந்தது. ஒலிப்பெட்டி கொடுத்தவர் பெயர் இல்லை. அன்று மத்தியானம், எல்லாரும் தூங்கும் நேரத்தில் இவர் போய்ப் பெட்டியைத் தூக்கி வந்துவிட்டார். சமையலறைக் கத்தியாலேயே பெயரைச் சுரண்டினார்.

“சாமிக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்தவங்கன்னு யாராவது கேட்டுட்டா என்ன பண்றதுன்னு நான் கீழ இறங்கறதே இல்ல தம்பி.”

சம்பத் சார் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். “என் பொருள். நான் எடுத்தேன்” என்றார் தரையைப் பார்த்து.

வேறொருவனாக இருந்தால் ஞானம்பாள் சொன்னதைக் கேட்டதும் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பான். ஜோஷ்வா பில்லு ஜோஷ்வா அல்லவா?

“சார், நான் கேக்குறேன்னு தப்பா நெனக்காதீங்க. கோயிலுக்குன்னு குட்த்துட்டீங்க. அப்பால எடுத்துக்கினு வந்துட்டீங்க. இப்ப அது உங்குளுதா, கோயிலுதா?”

சம்பத் சார் எழுந்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்.

“நாளைக்கு இங்க கீறவங்க யாராச்சும் மாமல்லபுரத்துல என்ன பாத்து, எங்க கோயில் பொட்டி உன்னாண்ட எப்பிடி வந்திச்சின்னு கேட்டா, நான் சொல்றத எவன் நம்புவான்? உங்க பேரு ஒண்ணும் கெடாது சார். என் பேருதான் சார் போவும். நான் கச்சேரிக்காரன். சங்கத்துல ஒரு லெட்டர் வாங்கிக் குடுங்க. இப்பவே வாங்கிக்கிறேன்.”

“அங்க போய் நான் நிக்கறதா? செத்தாலும் மாட்டேன்.”

ஜோஷ்வா கிட்டாரைத் தோளில் மாட்டினான். சனிக்கிழமைக்கு இரண்டே நாள். அத்தனை நல்ல பெட்டி. கால் நகரவே இல்லை, இருந்தும் படியிறங்கினான். இரண்டாவது மாடி வருவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஞானம்பாள் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால், தலையைக் குனிந்தபடி, சம்பத் சார்.

சங்கத்தின் செயலாளர் பிரதீபா, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஐ.டி. பெண். கழுத்தில் ஹெட்போனோடு கதவைத் திறந்தவள், “ஆன்ட்டி! எங்க போனீங்க நாலு மாசமா? நீங்க இல்லாம ஒரு பாட்டும் எடுபடல” என்றாள்.

சம்பத் சார் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் தடுமாறினார். ஞானம்பாளே சொன்னார். பிரதீபா கண்ணை விரித்தாள்.

“ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போனீங்கன்னுல்ல அங்கிள் நெனச்சோம்! நாங்க வேற வாங்கி மூணு மாசம் ஆச்சே. நோட்டீஸ்ல பேர் விட்டுப்போச்சா? யாருமே கவனிக்கல அங்கிள், சாரி.”

யாருமே கவனிக்கவில்லை! வேண்டுமென்றே அவமானப்படுத்தியிருந்தால்கூட அந்த மனிதர் தாங்கியிருப்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஞானம்பாள் அவர் முதுகில் கை வைத்தார்.

“லெட்டர்தானே, தந்துடறேன்” என்று பிரதீபா உள்ளே திரும்பினாள்.

“நீங்க மட்டும் கையெழுத்து போட்டா போதுமாம்மா?” என்றான் ஜோஷ்வா.

அவள் ஒரு கணம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். சங்கத் தலைவரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டாள். “தாராளமா குடும்மா, ஸ்டோர் ரூம்ல அடைச்சு வைக்கறதுக்கா?” என்றது குரல்.

சங்கத்தின் லெட்டர் பேடில் எழுதினாள். சீல் குத்தினாள். பணத்தைக் கைமாற்றிவிட்டு, பெட்டியை லிப்டில் இறக்கி, பைக்கின் பின்பக்கம் கட்டினார்கள். கலைவாணன் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். ஜோஷ்வா வேப்பமர நிழலில் நின்று கடிதத்தைப் படித்தான்.

‘திரு. சம்பத் அவர்கள் நமது கோயிலுக்கு வழங்கிய ஒலிப்பெட்டியை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். அதனைத் திரு. ஜோஷ்வா அவர்களுக்கு விற்பதில் சங்கத்துக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை.’

ஒருமுறை படித்தான். இன்னொரு முறை படித்தான். திரு. ஜோஷ்வா அவர்களுக்கு. மூன்றாம் முறை படிக்கும்போது எழுத்துகள் ஒன்றோடொன்று கலங்கிக் கரைந்தன.

“இன்னாடா, அழுவுறியா?” என்றான் கலைவாணன்.

“ச்சீ. தேதி போட்டு கீதான்னு பாக்குறேன்.”

“போட்டுகீறாங்களா?”

ஜோஷ்வா கண்ணைத் துடைத்துக்கொண்டு காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான்.

“போடல. இரு, வந்துடறேன்” என்று மறுபடியும் லிப்டை நோக்கி நடந்தான்.