பன்னிரண்டு அறைக்கு எத்தனை படல்?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு டஜன் பெண்கள் முன்னால் நின்று, "தப்பு என்னுதுங்க" என்று ஒப்புக்கொண்டேன். இன்ஜினியரிங் முடித்து முப்பது வருஷமாகிறது. கணக்கில் கோட்டைவிட்டுவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை!

என் தங்கை அமுதா அன்னூர் பக்கம் இருக்கிறாள். அவளுடைய மகளிர் குழு சேர்ந்து ஆட்டுக் கொட்டகை போடுகிறது. உள்ளே ஒரே வரிசையில், ஒட்டி ஒட்டிப் பன்னிரண்டு சதுர அறைகள். நாலு பக்கமும் இரும்புத் தடுப்பு – எங்கள் பக்கம் படல் என்போம். எல்லாம் ஒரே அளவு. எத்தனை படல் அடிக்கச் சொல்வது?

"உங்கண்ணன் இன்ஜினியர்தானே, கேட்டுப்போட்டு வா" என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். போன் பண்ணினாள். நான் யோசிக்கவே இல்லை.

"அறைக்கு நாலு. பன்னெண்டு நாலு நாப்பத்தெட்டு. இதுல என்ன அம்மணி சந்தேகம்?"

"அவ்ளோ வேண்டாம்னு தோணுதுங்கண்ணா…"

"எல்லாம் வேணும். நானே ஆர்டர் சொல்லிர்றேன்."

கோவையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அன்வர் பாயிடம் சொன்னேன். "வரிசையா பன்னெண்டு ரூமுங்களா? நாப்பத்தெட்டுங்களா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். "செரிங்க சார்" என்று வைத்துவிட்டார்.

படல்கள் வந்து இறங்கிய அன்று நானும் பந்தாவாகப் போயிருந்தேன். மதியத்துக்குள் பன்னிரண்டு அறையும் எழும்பி நின்றுவிட்டன. ஆனால்… சுவரோரம் பதினோரு படல் சும்மா சாய்ந்து கிடந்தது.

குழுத் தலைவி சரஸ்வதி அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன் அமுதா, உங்கண்ணன்கிட்ட வெவரம் சரியாச் சொல்லாமப் போட்டியா? இப்புடி இருந்தா கொட்டாய்ப் பொறுப்ப உன்ற கையில எப்புடிக் குடுக்கறது?"

அந்தப் பொறுப்புக்காக அவள் எத்தனை மாதமாகக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தலையைக் குனிந்து நின்றாளே தவிர, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் அந்த வாக்குமூலம்.

"தப்பு என்னுதுங்க. அவ அப்பவே வேண்டாம்னா. நாந்தான் கேக்கல."

"அப்ப எத்தனைன்னு உனக்குத் தெரியுமா?" என்றார் அக்கா.

அமுதா பையிலிருந்து நோட்டை எடுத்தாள். வரிசையாகச் சதுரங்கள் வரைந்திருந்தாள். கீழே ஒரு அட்டவணை. ஒரு அறை – நாலு. ரெண்டு – ஏழு. மூணு – பத்து. கடைசியில், பன்னிரண்டு – முப்பத்தேழு.

"நடுவுல ஒரே படல் ரெண்டு அறைக்கும் ஆகுமுங்களே. மொத அறைக்கு மட்டுந்தான் நாலு. அப்பறம் மூணு மூணாத்தான் ஏறும். எத்தனை அறையோ அத மூணால பெருக்கி, ஒண்ணு கூட்டுனா ஆச்சுங்க."

எதிர்ப் பக்கத்தில் அதையே கிராஃபாகப் போட்டிருந்தாள். புள்ளிகள் ஒன்றுகூட விலகாமல் நேர்கோட்டில் ஏறிக்கொண்டிருந்தன.

"செரி, மிச்சம் பதினொண்ண என்ன பண்றது?"

"இதே வரிசைய நீட்டிப்போடலாமுங்க. இன்னும் மூணு அறை வரும், குட்டிகளுக்கு ஆகும். ரெண்டு படல் மீதி நிக்கும்." பேனாவைக்கூடத் தொடவில்லை அவள்!

பிளஸ் டூவோடு அவள் படிப்பை நிறுத்தினோம். வீட்டில் ஒருத்தரைத்தான் மேலே படிக்க வைக்க முடியும் என்றார்கள். அந்த ஒருத்தன் நான். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அவளை நினைத்தால் அதைவிடப் பெருமையாக இருக்கிறது.

அன்வர் பாய்க்குப் போன் போட்டேன். உங்களுக்கு முன்னாடியே தெரியுமா பாய்?

"தெரியுமுங்க. நீங்க இன்ஜினியருங்க… நாம எப்புடிங்க சார் எடுத்துச் சொல்றது?"

எங்கள் கொங்கு நாட்டு மரியாதை இருக்கிறதே – எதிராளி கிணற்றில் இறங்கினால்கூட, "பாத்து இறங்குங்க" என்றுதான் சொல்வோம். தங்கை ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். பாய் இரண்டு தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். எனக்குத்தான் நிறுத்தத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே எல்லாக் கையும் உயர்ந்தது. கொட்டகைப் பொறுப்பு அமுதாவுக்கு. விஷயம் பரவி, நேற்று சத்தியமங்கலத்துக் குழு ஒன்று, தங்கள் கொட்டகைக்கும் அளந்து கணக்குப் போட்டுத்தரச் சொல்லி அவளைக் கூப்பிட்டிருக்கிறது.

"நீங்களும் வாரீங்களாண்ணா?" என்று கேட்டாள்.

வாரேன் அம்மணி… டேப்போட அந்த முனையைப் பிடிக்க ஒரு ஆள் வேணுமல்ல!