யாரைக் கைகாட்டினோம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாராவது திடீரென்று மரியாதையாகப் பேசினால் இதில் என்ன வில்லங்கமோ என்று எனக்கு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெண்களுக்கெல்லாம் ஒரு வகுப்பு, மத்தியானம் கோழி பிரியாணி உண்டு என்று ஃபீல்டு ஆபீசர் சிரித்த முகத்தோடு வந்து சொன்னபோதும் அப்படித்தான் இருந்தது. மற்றவர்கள் பிரியாணியைப் பற்றி விசாரித்தார்கள். நான் மட்டும் "என்ன வகுப்பு சார்?" என்றேன். தலைமைப் பண்பை வளர்க்கிற வகுப்பாம். கொழுந்து கிள்ளுகிறவளுக்குத் தலைமைப் பண்பு எதற்கு? கூரை ஒழுகுகிறது என்று வருஷக்கணக்காகச் சொல்கிறோம், ஒரு தகரம் மாற்ற ஆளில்லை. இவர்களுக்குத் தலைமைப் பண்பில் என்ன திடீர் அக்கறை?

நான் சந்தேகப் பிராணி என்று நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். என் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. முன்பு ஒருமுறை இதே கூரைக்காக நாங்கள் வேலையை நிறுத்தியபோது, முன்னால் நின்று பேசிய ஒருத்தியை அடுத்த மாதமே மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற டிவிஷனுக்கு மாற்றிவிட்டார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. "அங்கே ஆள் பற்றாக்குறை" என்றார்கள். அட்டைக்கடியும் தனிமையும் தாங்காமல் அவள் தானே வேலையை விட்டுப் போனாள். அதிலிருந்து எங்களில் யாரும் முன்னால் நிற்பதில்லை. ஆபீசரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எல்லோரும் சேர்ந்து ஒரே நேரத்தில் கத்துவோம். யார் குரல் என்று அவருக்குப் பிடிபடாது.

ஆனால் எங்கள் கூட்டத்துக்குத் தலைவி இல்லாமலில்லை. அவள் எங்கள் எல்லோருக்கும் பெரியக்கா. அவள் கொழுந்து வெட்டுகிற கத்தரியைக் கீழே வைத்தால் நாங்களும் வைப்போம், அவள் எடுத்தால் எடுப்போம். அந்த வருஷம் அவளுக்கு ரிட்டயர்மென்ட். எங்கள் தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். வீடு தங்க வேண்டுமென்றால் அவள் மகளை அவள் இடத்தில் வேலைக்கு எடுக்க வேண்டும். எடுப்பதும் எடுக்காததும் மேலே இருப்பவர்கள் மனசு. அந்த இரட்டை அறை லயத்தை விட்டால் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது. சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள திருநெல்வேலிப் பக்கம் ஒரு கோயில் இருக்கிறது, வீடு இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் "இவள்தான் எங்கள் தலைவி" என்று யாராவது வகுப்பில் உளறி வைத்தால் என்ன ஆகும்?

சனிக்கிழமை சாயங்காலம் குழாயடியில் நான்தான் யோசனை சொன்னேன். "நாளைக்கு ஒங்க தலைவி யாருன்னு கேப்பாக, பாத்துக்கிட்டே இருங்க. எல்லாரும் ஒரே ஆளக் காட்டணும். பெரியக்காவ மறந்துகூடப் பாக்கக் கூடாது."

"அப்ப யாரக் காட்ட?"

நான் என் எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தேன். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள். எது கேட்டாலும் "ம்" என்பாள். பஸ் வந்தால் எல்லோரையும் ஏற்றிவிட்டு, தான் ஏற இடமில்லாமல் நிற்பாள். நிரையிலும் எப்போதும் கடைசி. எங்கள் வேலையில் ஆளுக்கொரு நிரை உண்டு, செடிகளின் வரிசை. கீழிருந்து மேலே கிள்ளிக்கொண்டே ஏறுவோம். பின்தங்கியவள் நிரையில் பக்கத்து நிரைக்காரிகள் கைகொடுப்பார்கள், அவளும் மேலே வந்து சேர்ந்த பிறகுதான் கூட்டம் அடுத்த காட்டுக்கு, அடுத்த தேயிலைச் சரிவுக்கு நகரும். அது கம்பெனி வைத்த சட்டமல்ல, எங்கள் பழக்கம். அந்தப் பழக்கத்தால் அதிகம் பிழைத்தவள் அவள்தான். அவளைத் தலைவி என்றால் காக்காகூடச் சிரிக்கும். கம்பெனியும் சிரித்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் என் கணக்கு.

"என்னையவா மதினி?" என்றாள். பயந்துவிட்டாள் பாவம்.

"சும்மா ஒரு நாளைக்குத்தாண்டி" என்றேன்.

வகுப்பெடுக்க வந்தவள் பாலக்காட்டுக்காரி, எலப்புள்ளியாம். சின்ன வயசு. "ஏனுங்க அக்கா, அங்க கடைசில இருக்கறவங்க முன்னால வாங்க, அட சும்மா வாங்க" என்று வாய்க்கு வாய் 'ங்க' போட்டாள். இத்தனை 'ங்க'வை நாங்கள் ஜென்மத்தில் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தோம்.

தலைமையில் பல தினுசு இருக்கிறது என்று சொன்னாள். உத்தரவு போடுகிற தலைமை ஒன்று. எல்லோரையும் கேட்டு முடிவெடுப்பது ஒன்று. தான் முதலில் செய்து காட்டுவது ஒன்று. பின்னால் நின்று மற்றவர்களை முன்னே அனுப்புவது இன்னொன்று. உத்தரவு என்றதும், ரோட்டில் குடையோடு நின்று பள்ளத்தைப் பார்த்துக் கத்துகிற ஆபீசரை நினைத்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டோம். எங்கள் யூனியன்காரரின் தலைமை எந்த தினுசு என்று கேட்கலாமா என்று இருந்தது. அவர் தலைமை முழுக்கப் போனில்தான். "நான் பேசுறேன்" என்பார், யாரிடம் பேசுகிறார் என்று இன்றுவரை தெரியாது.

"இது பொறப்புல வர்றதில்லீங்க அக்கா. சமையல் மாதிரி, கைப்பழக்கமுங்க. கவனிச்சுப் பாக்கோணும், சொல்லிச் சொல்லிப் பழகோணும். யாருக்கு வேணாலும் வருமுங்க" என்றாள். நான் நம்பவில்லை. யாருக்கு வேண்டுமானாலும் வருகிற ஒன்றைக் கம்பெனி ஏன் பிரியாணி போட்டுக் கொடுக்கிறது?

கடைசியில் நான் சொன்னபடியே நடந்தது. "கண்ண மூடிக்குங்க. உங்க கூட்டத்துல தலைவி யாருன்னு கைகாட்டுங்க." எல்லா விரலும் எதிர்வீட்டுக்காரியைக் காட்டின. பெரியக்காவும் காட்டினாள். கண்ணைத் திறந்து பார்த்த எதிர்வீட்டுக்காரிக்கு முகம் செத்துப்போனது. வாசலில் நின்ற ஆபீசர் கோழிக்காலைக் கடிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்தார். போட்டோ எதற்கு? யாருக்கு அனுப்ப?

அடுத்த வாரம் காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டரில் அவளைக் கூப்பிட்டு மஞ்சள் கோட்டும் விசிலும் கொடுத்தார்கள். டீம் லீடராம். கூட்டம் நகரும்போது விசில் ஊத வேண்டும், கொழுந்து தரமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும், வாரம் ஒருதரம் ஆபீசுக்குப் போய் விவரம் சொல்ல வேண்டும். விவரம்! அந்த ஒரு சொல்லில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. எங்கள் கூட்டத்துக்குள் ஒரு காதை வைத்துவிட்டார்கள், அதுவும் நாங்களே எடுத்துக் கொடுத்த காது.

"ஆபீசுல என்ன கேட்டாக?" என்று வாராவாரம் துளைத்தெடுப்பேன்.

"ஒண்ணுமில்ல மதினி. கொழுந்து எப்படியிருக்குன்னு கேட்டாக."

"ஒண்ணுமில்லாததுக்கா நாற்காலி போட்டு உக்கார வெச்சு சாயா குடுத்தாக?"

சிரித்தாள். முன்பு சிரிக்கக்கூடத் தெரியாதவள். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவளிடம் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டு வந்தது. சாயா நேரத்தில் ஒவ்வொருத்தி பக்கத்திலும் போய் உட்கார்ந்தாள். இடுப்புவலி எப்படியிருக்கு, பிள்ளைக்கு ஜுரம் விட்டதா என்று கேட்டாள். எதற்கு இதெல்லாம் தெரிய வேண்டும் இவளுக்கு? மஞ்சள் கோட்டுக்காரி முன்னால்தான் போக வேண்டும், இவளோ எல்லோருக்கும் பின்னால் போனாள். விசிலைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள், ஊதவே இல்லை. கடைசி ஆள் மேலே வந்ததும் "போவமா" என்று மட்டும் கேட்பாள். ஒருநாள் அவள் நிரையில் யாருமில்லாத இடத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஆகா, ஆபீசுக்குப் போன் போடுகிறாள், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று புதரை விலக்கிப் போனேன். போன் இல்லை. தேயிலைச் செடியைப் பார்த்து, "நாங்க சொல்றதையும் கொஞ்சம் கேளுங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டாள்.

"அந்தப் பிள்ள சொல்லுச்சுல்ல மதினி, சொல்லிச் சொல்லிப் பழகணும்னு. எனக்குத்தான் ஆளப் பாத்தா நாக்கு ஒட்டிக்கிடுதே."

அதையும் நான் பாதிதான் நம்பினேன்.

பெரியக்காவின் கடைசி நாள் வந்தது. மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். கடிகாரத்தை மாட்டச் சுவர் எங்கே என்று யாரும் சொல்லவில்லை. மகள் வேலையைப் பற்றிக் கேட்டதற்கு ஆபீசர் தன் மலையாளம் கலந்த தமிழில், "மேலே அனுப்பியிருக்கு, இப்போ ஒந்நும் பறயான் பற்றில்லா. மாசக் கடைசியில வீடு ஒழிஞ்சு கொடுக்கணும்" என்றார். வேலையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாதாம், வீட்டுக்கு மட்டும் கெடு. யூனியன்காரர் போனில் "நான் பேசுறேன்" என்றார். எங்களையெல்லாம் நடத்தின பெரியக்கா சால்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "ஒனக்கு என்னக்கா வந்துச்சு? வாயத் தொறந்து கேளு!"

"நான் வாயத் தொறந்தா எம்மகளுக்குக் கதவ அடச்சிருவாகடி" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை காட்டில் நிரை பிரித்தபோது பெரியக்காவின் நிரை காலியாகக் கிடந்தது. பக்கத்து ஆட்கள் பிரித்து எடுங்கள் என்று சூப்பர்வைசர் சொன்னார். நாங்கள் எங்கள் நிரைகளைக் கிள்ளி மேலே ஏறினோம். அந்த நிரையை மட்டும் யாரும் தொடவில்லை, யாரும் யாரிடமும் முன்கூட்டிப் பேசிவைத்துக்கொள்ளவும் இல்லை. மேலே வந்ததும் சூப்பர்வைசர் அடுத்த காட்டுக்குப் போகச் சொன்னார். எதிர்வீட்டுக்காரி நகரவில்லை.

"ஒரு நெர இன்னும் மேல வரல சார்" என்றாள்.

"ஆளில்லாத நெர எப்படி வரும்?"

"ஆள் இருக்கா சார். பெரியக்கா மக லயத்துல சும்மா உக்காந்திருக்கா. அவ வந்து முடிக்கட்டும், நாங்க கைகொடுக்கோம். நாங்களும் இங்கயே இருக்கோம்." கத்தரியை வைத்துவிட்டுக் தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? இது கம்பெனி போடுகிற நாடகம். யார் யார் கூட உட்காருகிறார்கள் என்று பார்க்க இவளை ஏவிவிட்டிருக்கிறார்கள். அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். உதடு நடுங்கியது, மஞ்சள் கோட்டின் நுனியை விரலால் திருகிக்கொண்டிருந்தாள். நாடகம் போடுகிறவளுக்கு உதடு அப்படி நடுங்காது. போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னாலேயே எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

ஆபீசர் பைக்கில் பறந்து வந்தார். மழை விட்டு வெயில் அடித்த வாரம் அது, கொழுந்து இரண்டு நாள் நின்றால் முற்றிவிடும். "எந்தா இது? ஆரு பறஞ்சு கொடுத்தது உங்களுக்கு? அந்தக் கிழவியா?" என்று கத்தினார்.

எதிர்வீட்டுக்காரி எழுந்து நின்றாள். அவள் சத்தமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். "அந்த அக்கா வீட்ட விட்டே வெளிய வரல சார். நீங்கதான வகுப்பு வெச்சுச் சொல்லிக் குடுத்தீக?"

அடேயப்பா! சிரிப்பை அடக்க நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். ஆபீசர் யார் யாருக்கோ போன் போட்டார், ரோட்டுக்கு ஏறினார், இறங்கினார். மத்தியானம் தாண்டி, அம்மாவின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு பெரியக்காவின் மகள் காட்டுக்குள் ஏறி வந்தாள். இப்போதைக்குத் தற்காலிகம் என்றார்கள். தற்காலிகமோ என்னவோ, வீடு தங்கியது. சுவரில் கடிகாரம் ஏறியது.

அடுத்த மாதம் எதிர்வீட்டுக்காரியை மலைக்கு அந்தப் பக்கத்து டிவிஷனுக்கு மாற்றினார்கள். "அங்கே ஆள் பற்றாக்குறை" என்றார்கள், அதே வார்த்தை, அதே சிரித்த முகம். ஜீப்பில் சாமான் ஏற்றும்போது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள்தான் என்னைத் தேற்றினாள். "கடைசி ஆளப் பாத்துக்கோங்க மதினி" என்றாள். நான் சந்தேகப்பட்டது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன். அவள் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

இந்த வருஷம் மறுபடியும் வகுப்பு வைத்தார்கள். அதே எலப்புள்ளிக்காரி, அதே 'ங்க', அதே பிரியாணி. முதல் நாள் சாயங்காலம் நான் குடத்தோடு குழாயடிக்குப் போனபோது, பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்தினார்கள். ஒருத்தி துலக்கின பானையையே திரும்பத் துலக்கினாள். எனக்கு உடனே பொறி தட்டியது. என்னடி விஷயம் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றார்கள்.

கண்ணை மூடச் சொன்னபோது நான் பாதிதான் மூடினேன். அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். முதலில் நீண்ட விரல் பெரியக்கா மகளுடையது. பிறகு மற்ற விரல்கள் வந்தன. எல்லாம் என்னை நோக்கித்தான். வாசலில் ஆபீசர் போனை எடுத்தார்.

ஒன்றுக்கும் உதவாதவள், போனால் நஷ்டமில்லை என்று காட்டினார்களா, இவளால் முடியும் என்று காட்டினார்களா? அப்படியென்றால் இப்போது நிஜத் தலைவி யார், யாரை என் முதுகுக்குப் பின்னால் மறைக்கிறார்கள்? சாப்பாட்டு வரிசையில் பெரியக்கா மகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "ஏண்டி என்னைக் காட்டுன?" என்றேன்.

"சும்மா ஒரு நாளைக்குத்தான் அத்தை" என்று சொல்லி, அவள் தட்டிலிருந்த கோழிக்காலை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் சாப்பாடு வாங்காமல் கடைசியில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன்.