நங்கையாவின் சாமை டிரம்

ஊற்றுத் தண்ணீர் வரும் வழியில் எங்காவது இணைப்பு விட்டுப்போனால், குழாயைத் திறந்தவுடன் அது கொஞ்சம் சீறும், தொண்டையைச் செருமும், பிறகு நின்றுவிடும். கைக்குழந்தையோடு உள்ளறையில் படுத்திருந்த நாட்களில் அந்தச் செருமலைக் கேட்டாலே குழந்தையை இழுத்து அணைத்துக்கொள்வேன். அடுத்து அம்மா வாசலில் நின்று என்ன சொல்லப்போகிறாள் என்பது எனக்கு மனப்பாடம். "தண்ணியில்லாத ஊட்டுல பச்சப் புள்ளைய வெச்சுக்கிட்டு என்ன பண்றது? கெளம்பு, கீழ போலாம்."

கீழே என்றால் மலையடிவாரத்தில் இருக்கும் என் பிறந்த வீடு. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே போயிருக்க வேண்டியவள், அடம்பிடித்துக் கொல்லிமலைக்கே திரும்பி வந்திருந்தேன். என்னைப் பார்த்துக்கொள்ள அம்மாவும் கூடவே மலையேறி வந்திருந்தாள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது இருப்பார். புருஷன் ஊரில் இல்லாதபோது மலைமேல் உனக்கு என்ன வேலை என்று அம்மா கேட்டாள். நான் நட்ட மிளகுக் கொடிகள் முதல் தடவையாகக் காய் பிடித்திருந்தன என்று அவளிடம் சொல்ல முடியுமா? சிரித்திருப்பாள். ஒருமுறை இறங்கிப்போனால் திரும்ப மலையேற விடமாட்டாள் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் யோசனையெல்லாம் மருமகனையும் அடிவாரத்திலேயே குடிவைத்துவிடுவதுதான்.

கொல்லிமலையின் குண்டூர் நாட்டில், ஒரு சரிவில் இருக்கிறது எங்கள் வீடு. மேலே காட்டோரத்தில் ஊற்று. அங்கிருந்து கருப்பு ஓஸ் குழாய் பாறைகளையும் காப்பிச் செடிகளையும் சுற்றிக்கொண்டு இறங்கி வரும். மோட்டார் கிடையாது, கரண்டு கிடையாது. தண்ணீர் தானாக இறங்கி வந்து கல்தொட்டியில் கொட்டி, நிரம்பி, வாழைக்குப் போய்விடும். ராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். அதை யாரும் மூடுவதில்லை. மூடுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

இந்த ஓஸ் முழுவதற்கும் பொறுப்பு என் வீட்டுக்காரரின் அக்கா. புருஷனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். அடுத்த வீட்டில்தான் இருக்கிறார். அவருக்குக் குரல் பெரியது, கோபம் அதைவிடப் பெரியது. ஓஸை மிதித்த மாட்டையும் திட்டுவார், மாட்டுக்காரனையும் திட்டுவார், இரண்டு பேரும் போன பிறகு அந்தப் பாதையையும் கொஞ்சம் திட்டுவார். ஊற்றுக்குப் போகும்போது மட்டும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாயையும் மூடிக்கொள்வார். ஓஸின் வாயில் கட்டிய வலைமேல் அடைத்த இலைகளை அள்ளிப் போடுவது, மேடான இடத்தில் ஓஸைக் கழற்றி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவது, விட்டுப்போன முனையை நெருப்பில் காட்டி இளக்கி இணைப்பில் ஏற்றி டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் அவர் வேலைதான். செய்து முடித்துவிட்டு வந்து அதைப் பற்றி ஊருக்கே கேட்கும்படி பெருமையடிப்பார்.

குழந்தை பிறந்த சந்தோஷத்தில் என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்திருந்தார். பளபளவென்று ஒரு பித்தளைக் குழாய் வாங்கி வந்து, ஓஸின் முனையில் மாட்டிவிட்டு லாரி ஏறிப் போய்விட்டார். பெண்டாட்டி வீட்டு ஜனம் வருகிறது, வீட்டில் ஒரு குழாய்கூட இல்லை என்று சொல்லிவிடக் கூடாதே என்ற எண்ணம்தான். மலைமேல் அம்மா மெச்சிய பொருள் அது ஒன்றுதான். எங்கள் அடிவாரத்தில் வாரத்துக்கு ஓரிரு முறைதான் தண்ணீர் விடுவார்கள். குடத்தில் மிஞ்சியதைக்கூடக் கீழே ஊற்றாதவள் அவள். குழாயைத் திறப்பாள், குழந்தைக்கு வேண்டியதைப் பிடிப்பாள், மறுபடி திறக்க ஆள் வேண்டும் என்கிற அளவுக்கு இறுக்கி மூடுவாள்.

அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீரை அடியில் அடைத்தால் அதன் அழுத்தம் முழுவதும் ஓஸின்மேல் விழும். எந்த இணைப்பு தளர்வாக இருக்கிறதோ அது பிடுங்கிக்கொள்ளும். அன்றைக்கு இது எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. நங்கையா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப ஏறிப்போய்க் கட்டிவிட்டு, தலை முதல் கால் வரை நனைந்து இறங்கி வருவார்.

"என்னாச்சு கண்ணு?" என்று அம்மா கேட்பாள்.

"ஓஸைப் பன்னி கடிச்சிருச்சுங்க அத்தை. இந்த வருசம் பன்னி ரொம்பச் சாஸ்தி."

கடைசியில் அம்மா பொறுமை இழந்து, விடிந்ததும் ஜீப் வரவேண்டும் என்று போனில் சொல்லிவிட்டாள். என் துணிகளையும் குழந்தையின் துணிகளையும் மடித்துப் பையில் அடுக்கினாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன்.

அன்று மத்தியானம் நங்கையா ஒரு நீல டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார். அது அவர் வீட்டுச் சாமை டிரம். எலி வாய் வைக்க முடியாத பொருள் அவர் வீட்டில் அது ஒன்றுதான். ஒரு வருஷத்துச் சாமையைச் சாக்கில் கொட்டிவிட்டு வந்திருந்தார். வீட்டுக்குச் சற்று மேலே கல் அடுக்கி அதை நிறுத்தி, காய்ச்சிய கம்பியால் அடியில் ஓர் ஓட்டையும் விளிம்பருகே ஓர் ஓட்டையும் போட்டார். ஊற்று ஓஸ் டிரம்முக்குள் கொட்டியது. நிரம்பி வழிவது வாழைக்குப் போயிற்று. அடியிலிருந்து புறப்பட்ட சிறிய ஓஸ் பித்தளைக் குழாய்க்கு வந்தது. இப்போது குழாயை மூடினாலும் மேலே தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

"இனிமே நீங்க தாராளமா மூடிக்கலாமுங்க அத்தை" என்றார், ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே.

அம்மா குழாயைப் பார்த்தாள். டிரம்மைப் பார்த்தாள். "அப்ப இத்தன நாளா நான் மூடுனதாலதான் புடுங்கிக்கிச்சா?"

"அய்ய, இல்லீங்க. பன்னிதானுங்க."

"பன்னி கடிச்சா டிரம்மு எதுக்கு சாமி?"

நங்கையா டிரம்மை ஒரு தட்டுத் தட்டினார். "அது... பன்னிக்கும் டிரம்முன்னா பயமுங்க" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் வலித்தும் உள்ளே நானும் சிரித்தேன்.

அந்த வருஷம் எலிகள் பாதிச் சாமையைத் தின்றன. எலிகளுக்கு விழுந்த திட்டு ஊரெல்லாம் கேட்டது. எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது அந்த இடத்தில் சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. ஓஸ் விட்டுப்போனால் நானே ஏறிப்போய்க் கட்டிவிடுகிறேன். நங்கையா முழங்கால் வலியோடு கீழே நின்று, நான் கட்டுவது சரியில்லை என்று கத்துகிறார். கத்தட்டும். வந்த விருந்தாளி மனம் நோகக் கூடாது என்பதற்காக, வாயை அடக்கத் தெரியாத ஒரு மனுஷி அத்தனை நாள் வாயை அடக்கிக்கொண்டு, கடைசியில் தன் சாமை டிரம்மையும் கொடுத்தார். நான் இந்த மலையில் வாழ்வது அதனால்தான். இதை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னால் என்னையும் திட்டுவார் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

டிரம் வைத்த மறுநாள் விடிந்ததும் ஜீப் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் வாசலில் நின்றேன். அம்மா பையைத் திறந்து, என் துணிகளையும் குழந்தையின் துணிகளையும் எடுத்து நங்கையாவின் கையில் கொடுத்துவிட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"பச்சப் புள்ளையோட வர்றாங்க, மொள்ள ஓட்டணும்னு சொன்னீங்களே?" என்று டிரைவர் கேட்டார்.

"நான் மட்டுந்தானுங்க" என்றாள் அம்மா. "வண்டிய எடுங்க."