அறுந்தால் திரும்பக் கட்டும் நூல்

குருநகரில் ஜெசிதாக்காவின் தையல் அறைக்கு நான் முதன்முதலாகப் போனது ஒரு வசனத்தோடு. இளையோரின் தூய்மை வாக்குறுதி நாளில் போடும் ரீசேட் சட்டையில் அச்சிட, ஆங்கிலத்தில் வந்திருந்த வசனத்தை மொழிபெயர்த்துத் தரும்படி பங்குத்தந்தை என்னிடம் கேட்டிருந்தார். நான் நான்கு வரியில் எழுதியிருந்தேன். ஜெசிதாக்கா வாசித்துவிட்டு, “பிள்ளை, இவ்வளவையும் நெஞ்சிலை அடிச்சா ஆரும் நிண்டு வாசிக்கமாட்டினம்” என்றார். கடைசியில் வெள்ளை ரீசேட்டில் மிஞ்சியது மூன்று சொற்கள்: இந்த உடல் ஆலயம்.

ஜெசிதாக்காவுக்கு முப்பத்தாறு வயது. கலியாணம் செய்யவில்லை. பிள்ளைகளின் முதல்நன்மைச் சட்டைகள், மணப்பெண்ணின் வெள்ளை உடை எல்லாம் அவர் கையால்தான். திருமணம்வரை தன்னைக் காப்பது பெரிய காரியம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அதனாலேயே என்னென்ன வேண்டும் என்று இளையோர் மன்றம் அனுப்பிய தாளைப் பார்த்ததும் முகம் மாறியது. பதினேழு ரீசேட், வாக்குறுதியின் அடையாளமாக விரலில் போடப் பதினேழு வெள்ளி மோதிரம். எல்லாம் பெண்களுக்கு.

இளையோர் மன்றப் பொறுப்பாளர் கனிசியஸ் அண்ணை விளக்கம் சொன்னார். “பெடியளுக்கு மோதிரம் சரிவராது, ஜெசிதா. வலை இழுக்கேக்கை கொழுவினா விரல் போயிடும். உமக்குத் தெரியாததே?”

“தெரியும் அண்ணை. கொழுவாத மாதிரி ஒண்டு செய்வம்.”

“பெட்டையளுக்கு மட்டும் போதும் எண்டு கூட்டத்திலை முடிவெடுத்தாச்சு.”

“அப்ப பெட்டையளின்ரை சட்டையையும் தரமாட்டன். அவையள் தனிய இருந்தோ பாவம் செய்யப் போகினம்?”

கனிசியஸ் அண்ணை சிரித்தார். ஜெசிதாக்கா சிரிக்கவில்லை. பெண்களை மட்டும் பீடத்தின் முன் நிறுத்துவதென்றால் அந்த நாளே வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இரண்டு நாளில் பெடியன்களுக்கென்று வலைநூலை முறுக்கிக் கைக்காப்பு போல ஒன்று செய்தார். கடலுக்குப் போகும் எமில்ராஜைக் கூப்பிட்டுக் கட்டிப் பார்த்தார். அவன் இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

“அக்கா, மோதிரம் விரலைத்தான் கொண்டுபோகும். இது கையையே கொண்டுபோகும். நைலோன் அறாது.”

ஜெசிதாக்கா அதை உடனே வெட்டி எறிந்தார். தையல் பெட்டியிலிருந்து வெள்ளைப் பருத்தி நூலை எடுத்து மூன்று புரியாகத் திரித்தார்.

“உது ஒரு இழுவைக்கும் தாங்காது” என்றான்.

“தாங்க வேண்டாம். அறுந்தா வாரும், திரும்பக் கட்டிவிடுறன்.”

“எத்தினை தரம்?”

“நூல் மலிவுதானே.”

அவன் நூலைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, “ஏன் அறுந்தது எண்டு கேக்கமாட்டியளோ?” என்றான்.

“கடலிலை நடக்கிறது எனக்கென்ன தெரியும், தம்பி.”

மூலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த லவீனாவின் ஊசி நின்றது. பதினேழு பெண்களில் அவளும் ஒருத்தி. எழுந்து வந்து, நகைக்கடையிலிருந்து வந்திருந்த, தன் பெயர் ஒட்டிய மோதிரப் பையை மேசையில் வைத்தாள்.

“அப்ப எனக்கும் நூல் தாங்கோ அக்கா.”

ஜெசிதாக்கா அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏன் என்று கேட்காமல் அவளுக்கும் ஒரு நூல் திரித்தார். எல்லாருக்கும் நூல்தான் என்று கனிசியஸ் அண்ணையையும் சம்மதிக்க வைத்தார்; அன்று மாலையே எல்லா மோதிரங்களும் நகைக்கடைக்குத் திரும்பிப் போயின. இத்தனை வருடம் கோவிலில் கேட்ட மன்னிப்பு என்ற சொல்லை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

வாக்குறுதி நாளன்று பதினேழு பெண்களோடு பதினொரு பெடியன்களும் வெள்ளை ரீசேட்டுடன் நின்றார்கள். பெண்களுக்குத் தாய்மார் நூலைக் கட்டினார்கள். பெடியன்களுக்கு யார் கட்டுவது என்பதை ஒருவரும் யோசித்திருக்கவில்லை. பங்குத்தந்தை நூல்கள் வைத்த தட்டுடன் காத்து நின்றார்.

பூசையை எப்போதும் வாசலில் நின்றே காணும் தகப்பன்மாரில் ஒருவர் அசைந்தார். எமில்ராஜின் அப்பா பிலிப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு, நடுப்பாதையால் பீடம்வரை நடந்து வந்தார். கண்ணை மூடிக்கொண்டு கிழிந்த வலையைப் பொத்தித் தைக்கிற அந்தக் கைகளுக்கு, மகனின் மணிக்கட்டில் முடிச்சு விழவில்லை. மூன்றாம் தரம்தான் விழுந்தது.

“எனக்கு ஆரும் இப்பிடிக் கட்டிவிடேல்லை, மோனை” என்று மெல்லச் சொன்னார்.

அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார். பிறகு இன்னொருவர். நான் திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஒருவரும் இல்லை.