யானைக்கு வலிக்காது

முடிவெட்டும் கடையில் ஒரு மீன்தொட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குக் காற்று ஊதும் சின்ன மோட்டார் ஒன்று பலகைக்கு அடியில் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். போன வாரம் கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருந்தபோது அந்த இரைச்சல் காதில் ஏறியது. ஏறியது மட்டும்தான் தெரியும். என் வாய் தானாகப் பாட ஆரம்பித்திருந்தது.

"ஏனுங்ணா, பாட்டு பலமா இருக்குது? வேணும்னா நம்ம ரேடியோவ நிறுத்தீரட்டுங்களா?" என்றார் கத்தரி பிடித்திருந்தவர்.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணாடியில் அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடினேன். மூடினால் மோட்டார் இன்னும் பக்கத்தில் வந்தது.

மகளுக்கு மூச்சு மருந்து கொடுக்க வாங்கிய நெபுலைசரும் இப்படித்தான் இரையும்.

அந்தப் பாட்டு நான் கட்டியது. இடுப்பில் அவளை வைத்துக்கொண்டு சிங்காநல்லூர் குளக்கரையில் நடந்த ஒரு காலையில், தண்ணீரில் நின்ற கொக்கைக் காட்டி, "அப்பா, காலு காணோம்" என்றாள். வீடு வந்து சேர்வதற்குள் பாட்டு வந்துவிட்டது.

ஒத்தக்கால் கொக்காரே,
இன்னொரு கால் எங்கீங்க?
கொளத்துக்குள்ள ஒளிச்சுவெச்சேன்,
கொஞ்சம் இருங்க, எடுத்தாறேன்.

அவ்வளவுதான். மெட்டு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 'எடுத்தாறேன்' என்று நான் இழுக்கும்போது, மடக்கி வைத்திருந்த காலை அவள் சட்டென்று நீட்டுவாள். என் வயிற்றில் ஒரு உதை விழும். அந்த உதைக்காகவே பாடினேன்.

நாற்பத்தைந்துக்கு மேல் பிறந்த பிள்ளை. வயதான தகப்பனுக்குக் கொள்கைகள் அதிகம். என் கொள்கைகளில் தலையாயது, பிள்ளைக்குப் போனில் பாட்டு கிடையாது என்பது. கண் இமைக்காத ஒரு நீல யானை அதில் வரும், சிரிப்பு மாறாத பேருந்து வரும். ஒரு நிறம் கண்ணில் தங்குவதற்குள் அடுத்த நிறம் அதைத் தள்ளிவிடும். அந்தப் பாட்டுகளில் மூச்சு வாங்கும் இடமே கிடையாது. பாடுகிற யாருக்கும் நுரையீரல் இல்லையோ என்று தோன்றும். கல்யாண வீடுகளில்கூட இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"ஊர்ல அத்தன புள்ளைங்களும் அதத்தான் பாக்குதுங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆயிரல. நீங்க ஒருத்தர்தான் அந்த யானைய நாடு கடத்தறீங்க" என்பாள் மனைவி.

நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்குப் பின்னால் கழிவுப் பஞ்சுக் கிடங்கு. லாரி வந்து மூட்டை இறக்கும் நாட்களில் காயப்போட்ட துணியெல்லாம் வெள்ளை ரோமம் முளைத்துக் கிடக்கும். வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகும் இடம் அது. மகளுக்கு நான்கு வயது ஆகப்போகும் சமயம், ஐப்பசி மழையும் அந்தப் பஞ்சும் சேர்ந்து அவள் நெஞ்சில் உட்கார்ந்தன. ஒரு ஞாயிறு மத்தியானம், விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. பிறகு ஆஸ்பத்திரி.

முகத்தில் மாஸ்க் வைத்ததும் உதறினாள். நான் கையைப் பிடித்தேன், மனைவி காலைப் பிடித்தாள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு குழந்தையை அமுக்குவது எப்படி இருக்கும் என்று நான் எழுத மாட்டேன். பக்கத்துப் படுக்கையில் அதே வயதுப் பையன், அதே மாஸ்க். மடியில் போன் இருந்தது, அதில் நீல யானை ஆடிக்கொண்டிருந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தான். உக்கடம் பக்கம் வளையல் கடை வைத்திருக்கும் குடும்பம். அவனுடைய அம்மா போனை எங்கள் பக்கம் நீட்டினார்.

"போன் கொண்டாரலீங்களாண்ணா? இதக் காட்டுங்க. யானை வந்தா எங்க பையன் செலையாட்டம் உக்காந்துக்குவான்."

"வேண்டாங்கம்மா. நானே பாடறேன்" என்றேன்.

பாடினேன். நான்காவது தடவையில் அடங்கினாள். ஈரக் கண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. மாஸ்க்கின் ஓரத்தில் மருந்துப் புகை கசிந்தது. 'எடுத்தாறேன்' வந்தது. கால் நீளவில்லை. காலில் ஊசி குத்தியிருக்கிறதே, அதனால்தான் என்று நினைத்தேன்.

"போன் இல்லாம புள்ளைய உக்கார வெச்ச ஒரே அப்பா நீங்கதானுங்க சார்" என்றார் நர்ஸ். "இந்தப் பாட்டு போன்ல கெடைக்குங்களா?"

கிடைக்காது என்று சொன்னபோது எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

மெஷின் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மழைக்காலம் முழுக்கக் காலையும் மாலையும் மோட்டார் இரையும், மாஸ்க் ஏறும், நான் பாடுவேன். மகள் அழவே இல்லை. என் பாட்டுதான் அவளுக்கு மருந்து என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஒருநாள் காலை, மெஷின் அலமாரியில் இருந்தது. அவளுக்குத் தலை சீவிக்கொண்டே நினைப்பில்லாமல் கொக்குப் பாட்டைப் பாடினேன். எழுந்து போனாள். சுவரோரம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். வலது கையைக் குவித்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நீள நீளமாக மூச்சு இழுத்தாள்.

"என்ன கண்ணு?"

கைக்குள்ளிருந்து கேட்டாள். "முடிஞ்சிருச்சுங்களா?"

மனைவி டிபன் பாக்ஸோடு வாசலில் நின்றிருந்தாள். அவளும் பார்த்தாள். பிறகு வேலைக்குப் போனாள்.

அந்த வாரமே மருந்துக் கடையில் வளையல் கடைக்காரரின் மனைவியைப் பார்த்தேன். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"நல்லா இருக்கானுங்கண்ணா. ஆனா அந்த யானைப் பாட்டக் கேட்டாப் போதும், எந்திரிச்சு ஓடீர்றான். போனத் தொடறதே இல்லீங்க. சனியன் விட்டுதுன்னு இருக்குது" என்று சிரித்தார். "உங்க பாட்டு இன்னும் இருக்குதுங்களா? அழகா இருந்துச்சுங்களே."

"இருக்குதுங்க" என்றேன்.

அந்த மருந்தின் கசப்பை எதிலாவது தடவித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த யானையின்மீது தடவியிருக்கலாம். யானைக்கு வலிக்காது. அதை ஒரு குழந்தை வெறுத்தால் எந்த வீட்டிலும் யாருக்கும் நட்டமில்லை. தடவுவதற்கு நான் என் குரலைத் தேர்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் போன் பாடியது. மனைவிதான் போட்டாள், நான் தடுக்கவில்லை. மகள் நீல யானையோடு சேர்ந்து குதித்தாள், சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். இப்போது எனக்கு அந்த யானையின் எல்லாப் பாட்டும் மனப்பாடம்.

பஞ்சுத் தூசியை விட்டு விலகாமல் இளைப்பு அடங்காது என்றார் டாக்டர். உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கும் தன் அப்பா வீட்டுக்கு மகளைக் கூட்டிப்போவது என்று மனைவி முடிவெடுத்தாள். எத்தனை மாதம் என்று அவளுக்கும் தெரியாது. எனக்கு இங்கே பள்ளிக்கூட வேலை. போவதற்கு முன்னால் அந்தப் பாட்டை அவளிடம் ஒருமுறை நல்லபடியாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு. அது ஒன்றுதான் இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் குளக்கரைக்குத் தூக்கிப் போனேன். தண்ணீரில் உண்மையிலேயே ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றிருந்தது. காட்டினேன், சிரித்தாள். மெதுவாக, பாட்டு மாதிரி இல்லாமல் பேச்சு மாதிரி, "ஒத்தக்கால் கொக்காரே" என்றேன். சிரிப்பு நின்றது. இடுப்பில் இருந்தபடியே நிமிர்ந்தாள். கை எழுந்து முகத்தை மூடியது. 'எடுத்தாறேன்' வரை நான் போகவில்லை. கொக்கு மற்றக் காலையும் தண்ணீரில் வைத்து நடந்து போனது.

மறுநாள் மச்சான் கார் கொண்டுவந்தார். பின் சீட்டில் மெஷினும் துணிப் பையும், நடுவில் மகள், அவள் மடியில் போன், போனில் யானை.

"வேளைக்குச் சாப்புடுங்க. ஊட்டப் பூட்டிட்டுத் தூங்குங்க" என்றாள் மனைவி.

ஜன்னலுக்குள் குனிந்தேன். 'போயிட்டு வா கண்ணு' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மகளின் கை முகத்தை நோக்கி எழுந்தது. பாதியில் நின்றது. அதை இறக்கி, என் கன்னத்தில் வைத்தாள். என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னாள்:

"பாட வேண்டாங்கப்பா. எனக்கு இப்ப மூச்சு நல்லா வருதுங்க."